வெயிலும் காற்றும் விளைவிக்கும் ஒயின்: தென் பிரான்சின் லாங்க்டாக் கடலோரம்

பிரான்ஸ் என்றால் பலருக்கும் குளிர்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டிலேயே வெயில் காயும் கடலோரம் ஒன்று இருக்கிறது. ரோன் ஆறு கடலில் கலக்கும் இடம் தொடங்கி ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரெனே மலை வரை, மத்தியதரைக் கடலை ஒட்டிப் பிறைபோல் வளைந்து கிடக்கும் நிலம் அது. இதன் பெரும்பகுதிக்கு லாங்க்டாக் என்று பெயர். ஸ்பெயினை ஒட்டிய தென்முனைக்கு ரூசியோன் என்று பெயர். நீம், மோன்பெலியே, பெசியே, நார்போன், பெர்ப்பினியான் ஆகியவை இங்குள்ள நகரங்கள். ரயிலில் போனால் ஒரு பக்கம் உப்பங்கழியும் கடலும், மறுபக்கம் திராட்சையும் கூடவே வரும். இன்றைக்கும் சுமார் 2 லட்சம் ஹெக்டேர், அதாவது 5 லட்சம் ஏக்கர் நிலத்தில் இங்கே திராட்சை நிற்கிறது. பெரும்பாலும் ஒயினுக்கான திராட்சை.

ஒயின் குடிப்பது நல்லதா கெட்டதா என்ற வழக்கு வேறு. அதை விளைவிக்கிறவர் நம்மைப் போன்ற விவசாயிதான். அவருக்கும் மழை பொய்க்கிறது, பூச்சி விழுகிறது, விலை சரிகிறது. ஒரே சரக்கை நம்பி நின்று, அது விலை போகாமல் தெருவுக்கு வந்து, பிறகு மண்ணுக்கு ஏற்றபடி பல சரக்குகளாகப் பிரித்துக்கொண்ட வட்டாரம் இது. அந்த வகையில் இதன் கதை கேட்கத் தக்கது.

பந்தல் இல்லாத கொடி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குத் தலைக்கு மேல் பந்தல் போடுகிறோம். லாங்க்டாக்கின் பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைத் தண்டு, அதன் உச்சியில் நாலைந்து கை. கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாற்போல ஒவ்வொரு செடியும் தனித்தனியே நிற்கும். குளிர்காலத்தில் கவாத்து செய்து, ஒவ்வொரு கையிலும் இரண்டொரு மொட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். புதிய தோட்டங்களில் இயந்திர அறுவடைக்காகக் கம்பி கட்டி வளர்க்கிறார்கள்.

செடியைக் குட்டையாக வைப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். வடமேற்கு மலைகளிலிருந்து இறங்கி வரும் காற்றுக்கு த்ராமொந்தான் என்று பெயர். வறண்ட, குளிர்ந்த, மூர்க்கமான காற்று. இளந்தளிரை முறித்துப் போடும். ஆனால் இலையில் ஈரம் தங்க விடாது. அதனால் பூசண நோய் குறைவு. மருந்துச் செலவில் பாதியை அந்தக் காற்றே ஏற்றுக்கொள்கிறது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. கடலிலிருந்து வரும் காற்று இதற்கு நேர் எதிர். அது மூட்டமும் ஈரமும் கொண்டுவரும். அது வீசும் நாட்களில் விவசாயி இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்.

ஆண்டு மழை பல இடங்களில் 500 முதல் 700 மில்லிமீட்டர்தான். நம் வறண்ட மாவட்டங்களின் கணக்கு. அதிலும் கோடையில் மழை அபூர்வம். பெய்தால் இலையுதிர் காலத்தில் கொட்டித் தீர்க்கும். 1999 நவம்பரில் நார்போனுக்கு மேற்கேயுள்ள லெசினியான் பகுதியில் இரண்டே நாட்களில் 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து, தோட்டங்களும் சாலைகளும் அடித்துக்கொண்டு போயின. ஓராண்டு மழை இரண்டு நாளில் தீர்ந்த கதை.

அறுவடை ஆகஸ்டு மாதம் தொடங்கி அக்டோபர் வரை நடக்கும். ஆண்டுக்கு ஒரே மகசூல். இரண்டாண்டில் ஐந்து மகசூல் வரை எடுக்கப் பழகியவர்களுக்கு இது சோம்பேறி விவசாயமாகத் தோன்றக்கூடும். அங்கே குளிர்காலத்தில் செடி உறங்கப் போய்விடுகிறது. அதை எழுப்ப யாராலும் முடியாது.

மணலிலிருந்து மலை வரை

ஒயின் வகைகளைப் புரிந்துகொள்ளச் செய்முறையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. கறுப்புத் திராட்சையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதுதான். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்துப் பிழிந்தால் இளஞ்சிவப்பு. தோலை ஒதுக்கிச் சாறை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றுகிறது. சர்க்கரை முழுவதும் தீர்ந்தால் இனிப்பில்லாத ஒயின். பாதியிலேயே நிறுத்தினால் இனிப்பு ஒயின். இந்தச் சில வழிகளையும் மண்ணையும் ரகத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்துத்தான் லாங்க்டாக்கில் இத்தனை வகைகள் வருகின்றன.

கடற்கரையிலிருந்து தொடங்கலாம். எக்மோர்த் என்ற பழைய கோட்டை ஊரைச் சுற்றி வெறும் கடல் மணல். அதிலும் திராட்சை வளர்க்கிறார்கள். காற்றில் மணல் பறக்காமல் இருக்கக் குளிர்காலத்தில் வரிசைகளுக்கு நடுவே தானியப் பயிர் விதைத்து, அதில் ஆடு மேய விடுவது அங்குள்ள பழக்கம். செடிக்குக் காவல், ஆட்டுக்குத் தீனி, மண்ணுக்கு எரு. சாம்பல் கலந்த ரோஜா நிறத் தோலுள்ள கிரனாஷ் திராட்சையிலிருந்து மிக வெளிறிய இளஞ்சிவப்பு ஒயின் எடுக்கிறார்கள்.

மேற்கே வந்தால் செத் துறைமுகத்துக்குப் பின்னால் தோ என்ற பெரிய உப்பங்கழி. அதன் ஒரு கரையில் சிப்பி வளர்ப்பு. அங்கிருந்து ஏறும் நிலத்தில் பிக்பூல் என்ற வெள்ளைத் திராட்சை. வெயில் நாட்டில் வெள்ளைத் திராட்சை பயிரிட்டால் புளிப்பு சீக்கிரம் இறங்கிவிடும். ஒயின் சப்பென்று போகும். பிக்பூல் பழுத்த பிறகும் புளிப்பை விடாது. உதட்டைக் கொட்டுவது என்று பெயருக்கே பொருள் சொல்வார்கள். பினே ஊரைச் சுற்றியுள்ள கூட்டுறவுச் சங்கங்கள்தான் இந்த ஒயினில் பெரும்பகுதியைச் செய்கின்றன. சிப்பியோடு சேர்த்துப் பரிமாறும் ஒயின் என்று ஒரே சொல்லில் அவர்கள் விற்றார்கள். உயரமான பச்சைப் புட்டியையும் பொது அடையாளமாக்கினார்கள். 2013இல் பினே பிக்பூலுக்குத் தனி ஊர்ப்பெயர் உரிமை கிடைத்தது. எல்லோரும் பிடுங்கிப் போட நினைத்த ஒரு நாட்டு ரகம், பொருத்தமான இடமும் பொருத்தமான பேச்சும் கிடைத்ததும் பிழைத்துக்கொண்டது.

அதே கழியின் கிழக்கு முனையில் ஃப்ரோன்டினியான். இங்கே சிறுமணி மஸ்கட் திராட்சையில் இனிப்பு ஒயின். சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சையிலிருந்து காய்ச்சிய கடும் சாராயத்தை அளவாக ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மிச்ச சர்க்கரை அப்படியே நிற்கும். மலரும் தேனும் கலந்த வாசனை உடையது. இந்த முறையை 13ஆம் நூற்றாண்டில் மோன்பெலியே மருத்துவப் பள்ளியோடு தொடர்புடைய அர்னோ என்ற வைத்தியர் கண்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். தெற்கே ரிவசால்த் பகுதியில் சிறுமணி மஸ்கட்டோடு அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற பெருமணி ரகத்தையும் சேர்க்கிறார்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சை எனப்படும் ஹாம்பர்க் மஸ்கட் இந்த அலெக்சாந்திரியாவுக்குப் பிறந்த கலப்பினம்தான். பன்னீரின் வாசனை எங்கிருந்து வந்த சீதனம் என்பது இப்போது விளங்கும்.

கடலை விட்டு உள்ளே போனால் கோர்பியேர், மினர்வுவா, சென் ஷினியான், ஃபோஷேர் எனச் சிவப்பு ஒயின் குன்றுகள். முள்ளும் மூலிகையும் மண்டிய காட்டுக்கு நடுவே சிறுசிறு துண்டுகளாகத் தோட்டங்கள். காரினியான், கிரனாஷ், சென்சோ, சிரா, மூர்வெத்ர் ஆகியவை முக்கிய ரகங்கள். எல்லாவற்றையும் கலந்துதான் ஒயின் செய்வார்கள். கிரனாஷ் வெயிலையும் வறட்சியையும் தாங்கும், சர்க்கரை தரும், ஆனால் நிறம் குறைவு. சிரா நிறமும் மணமும் தரும், கடும் வறட்சியில் துவளும். மூர்வெத்ர் மெதுவாகப் பழுக்கும், அதற்குக் கடற்காற்று எட்ட வேண்டும். ஒரு ரகம் ஏமாற்றினாலும் இன்னொன்று கைகொடுக்கும். நம் ஊரில் சோளத்தோடு துவரையும் தட்டையும் கலந்து விதைத்த பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

காரினியான் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சமவெளியில் நீரும் எருவும் கொடுத்து வளர்த்தால் குலை குலையாகக் காய்த்து, கரகரப்பும் கசப்புமாக ஒயின் தரும். அதனாலேயே கெட்ட பெயர் எடுத்து, பல்லாயிரம் ஏக்கரில் வெட்டி எறியப்பட்டது. அதே செடி குன்றுச் சரிவில், கல் நிலத்தில், அறுபது எழுபது வயதாகி ஒன்றிரண்டு கிலோ மட்டும் காய்க்கும்போது ஆளே மாறிவிடுகிறது. கரகரப்பை அடக்க ஒரு வழியும் கண்டார்கள். குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டு, கரியமில வாயு நிரப்பி மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. சில நாள் கழித்துப் பிழிந்தால் மணம் ஏறி, கசப்பு இறங்கியிருக்கும். இப்போது பழைய காரினியான் தோட்டத்தை வைத்திருப்பவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். வெட்டியவர்கள் வருந்துகிறார்கள்.

மேற்கே மலையடிவாரத்தில் லிமூ. கடலின் வெப்பம் குறைந்து, அட்லாண்டிக் பக்கத்துக் குளிர் எட்டிப் பார்க்கும் இடம். இங்கே மோசாக் என்ற வெள்ளைத் திராட்சையில் நுரைக்கும் ஒயின் செய்கிறார்கள். 1531இல் செந்திலேர் மடத்துத் துறவிகள் முதலில் செய்தார்கள், ஷாம்பேன் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது லிமூக்காரர்களின் வாதம்.

ஸ்பெயின் எல்லையில், மலை நேராகக் கடலில் இறங்கும் இடம் பான்யுல்ஸ். இந்த வட்டாரத்திலேயே மிகவும் கடினமான விவசாயம் இதுதான். ஏடு ஏடாகப் பிளக்கும் பாறையில், மண் இருக்கிறதா என்று தேட வேண்டிய சரிவில், கையால் கல் அடுக்கிப் படிகள் கட்டியிருக்கிறார்கள். டிராக்டர் ஏறாது, பல இடங்களில் கோவேறு கழுதையும் மனிதனின் முதுகும்தான். மழை கொட்டினால் மண் முழுதும் கடலுக்குப் போய்விடும் என்பதால், சரிவின் குறுக்கே கல் வாய்க்கால்கள் வெட்டி, அவை ஒரு நடு வாய்க்காலில் வந்து சேரும்படி அமைத்திருக்கிறார்கள். எதிர் மலையிலிருந்து பார்த்தால் சேவலின் பாதம் பதிந்ததுபோல் தெரியும். அந்த அமைப்புக்கே சேவல் கால் என்றுதான் அவர்கள் மொழியில் பெயர். விளைச்சல் ஏக்கருக்கு ஆயிரம் லிட்டரைத் தாண்டுவதே பாடு. கிரனாஷ் திராட்சையில் சாராயம் சேர்த்து இனிப்புச் சிவப்பு ஒயின் செய்கிறார்கள். சிலர் அதைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றித் திறந்தவெளியில், வெயிலிலும் பனியிலும் ஒரு வருடம் வைத்து முற்ற விடுவார்கள். எல்லா ஊரிலும் ஒயினை வெயில் படாமல் நிலவறையில் ஒளித்து வைப்பார்கள். இங்கே மொட்டை மாடி வடகம்போல் காய வைக்கிறார்கள். கொப்பரை, உலர்ந்த அத்தி, காப்பிக்கொட்டை ஆகியவற்றின் மணம் வரும். அதே படிகளிலிருந்து இனிப்பில்லாத சிவப்பு ஒயின் எடுத்தால் அதற்குக் கொலியூர் என்று பெயர்.

வேரைத் தின்ற பூச்சி

இத்தனை வகையும் நேற்று வரை உலகம் அறியாதது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக லாங்க்டாக் என்றால் ஒரே சரக்கு: மலிவான சிவப்பு ஒயின். 1850களில் ரயில் வந்தது. வடக்கே பாரீஸ் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்களுக்கு ஒயின் வேண்டியிருந்தது. குன்றுகளைக் கைவிட்டு, வண்டல் படிந்த சமவெளிக்குத் தோட்டங்கள் இறங்கின. கோதுமை விளைந்த நிலமெல்லாம் திராட்சையானது. அதே சமயம் சாம்பல் நோய் வந்தது. மோன்பெலியே பகுதியைச் சேர்ந்த ஹென்றி மாரெஸ் கந்தகத்தூளைத் தூவும் முறையைச் செம்மைப்படுத்திக் காட்ட, அது அடங்கியது.

அடுத்து வந்தது அடங்கவில்லை. 1863 வாக்கில் கார் மாவட்டத்தில் செடிகள் காரணமில்லாமல் காய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் மக்கியிருந்தது. பூச்சி எதுவும் இல்லை. 1868 ஜூலையில் மோன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோனும் உடனிருந்தவர்களும், சாகும் செடியை விட்டுப் பக்கத்தில் நன்றாக இருந்த செடியைத் தோண்டினார்கள். வேரில் மஞ்சள் தூள்போல் அசுவினி இனப் பூச்சிகள். செத்த வேரை விட்டுப் பூச்சி ஏற்கெனவே இடம் மாறியிருந்தது. பில்லாக்ஸரா என்ற இந்தப் பூச்சி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த திராட்சைச் செடிகளோடு வந்து சேர்ந்தது.

தோட்டத்தைக் குளிர்காலத்தில் நாற்பது நாள் தண்ணீரில் மூழ்க வைத்துப் பூச்சியைக் கொன்றவர்கள் உண்டு. வாய்க்கால் ஓரத்தில் நிலம் இருந்தவர்களுக்கு அது முடிந்தது. மணலில் நின்ற தோட்டங்கள் தப்பின. நுண்மணலுக்குள் பூச்சியால் நகர முடியவில்லை. மற்றவர்களுக்கு வழி, வந்த இடத்திலேயே இருந்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரை அந்தப் பூச்சி கடித்தாலும் செடி சாகாது. ஆகவே அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்று நம் நாட்டுத் தோட்டங்களில் உப்பையும் வறட்சியையும் தாங்க டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறோமே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மோன்பெலியே வேளாண் பள்ளி 1876இல் தொடங்கிய திராட்சை ரகத் தொகுப்பு 1949இல் மார்செயான் கடற்கரை மணலுக்கு மாற்றப்பட்டது. ஒட்டில்லாமல் சொந்த வேரில் ஆயிரக்கணக்கான ரகங்களை அங்கே வளர்த்தார்கள்.

மறுநடவுக்குப் பணம் புரட்டியவர்கள் அதை மீட்க வேண்டும். ஆகவே சமவெளியில், காய்ப்பில் கணக்கே இல்லாத ஆரமோன் ரகத்தை நட்டார்கள். ஏக்கருக்கு எட்டாயிரம் லிட்டரும் அதற்கு மேலும் கொட்டியது. குன்றுகளில் நல்ல ரகம் தரும் அளவைப்போல நாலு மடங்கு. ஆனால் தண்ணீர்போல் வெளிறிய சரக்கு; நிறத்துக்கு அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒயினைக் கலக்க வேண்டியிருந்தது. திராட்சையே இல்லாமல் சர்க்கரையும் தண்ணீரும் உலர் திராட்சையும் ஊறவைத்து ஒயின் என்று விற்றவர்களும் இருந்தார்கள். 1903இல் சர்க்கரை வரி குறைக்கப்பட்டதும் அந்தக் கள்ளச் சரக்கு பெருகியது. உண்மை விவசாயியின் சரக்கு தொட்டியிலேயே தேங்கியது. அடுத்த அறுவடைக்கு இடம் வேண்டுமென்று போன வருட ஒயினைச் சாக்கடையில் திறந்துவிட்டவர்கள் உண்டு.

87 பேர் போன வழி

1907 மார்ச் 11ஆம் தேதி அர்ஷெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் நார்போனுக்குக் கிளம்பினார்கள். பாரீசிலிருந்து வந்திருந்த விசாரணைக் குழுவிடம் முறையிடுவது நோக்கம். முன்னால் நடந்தவர் மார்சலின் ஆல்பேர். சிறு காப்பிக்கடைக்காரர், கொஞ்சம் திராட்சை வைத்திருந்தவர். பிறகு ஞாயிறுதோறும் ஒரு நகரத்தில் கூட்டம். மே மாதத்தில் நார்போன், பெசியே, பெர்ப்பினியான், கார்க்கசோன். ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியேயில் 5 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். முதலாளியும் கூலியாளும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். நூற்றுக்கணக்கான ஊராட்சித் தலைவர்கள் பதவி விலகினார்கள். பிரதமர் கிளெமான்சோ பட்டாளத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி கேட்டு, பெரும்பாலும் உள்ளூர் விவசாயி வீட்டுப் பிள்ளைகளே சேர்ந்திருந்த 17ஆம் படைப்பிரிவின் சுமார் 500 சிப்பாய்கள் துப்பாக்கியோடு இரவெல்லாம் நடந்து பெசியேக்கு வந்து, மக்களோடு உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆல்பேர் ஒளிந்து பாரீஸ் போய்ப் பிரதமரையே நேரில் பார்த்தார். திரும்பிப் போக ரயில் கட்டணமாக அவர் கொடுத்த 100 பிராங்கை வெள்ளை மனதோடு வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ஊரில் வந்து இறங்கியபோது, லட்சம் பேர் பின்னால் நடந்த மனிதரை விலைபோனவர் என்றார்கள். 1921இல் வறுமையில் இறந்தார். அதற்காக அந்த 87 பேர் நடந்தது வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1907 ஜூன் 29ஆம் தேதியே சட்டம் வந்தது. ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரி. ஒவ்வொரு விவசாயியும் தன் அறுவடையைக் கணக்குக் காட்ட வேண்டும். விளைந்ததைவிட அதிகம் விற்றவன் எவன் என்று அதன் பிறகு தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நிலைத்து நின்றது கூட்டுறவு. பெசியே பக்கத்தில் மரோசான் ஊர்ச் சிறு விவசாயிகள் 1901இலேயே சேர்ந்து, தரகரை விட்டுப் பாரீஸ் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு நேரடியாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். 1905இல் சொந்தமாக நொதித்தொட்டிக் கூடமும் கட்டினார்கள். தொட்டியும் பிழிபொறியும் வாங்க முடியாதவன் அறுவடை நாளில் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். பொதுத் தொட்டி இருந்தால் காத்திருக்கலாம். அந்த யோசனை ஊர் ஊராகப் பரவி, இன்றும் இந்த வட்டார ஒயினில் பெரும்பகுதி கூட்டுறவுக் கூடங்களில்தான் ஆகிறது. ஓரிரு ஏக்கரை வைத்துக்கொண்டு வேறு வேலையும் பார்ப்பவர்கள் இன்றும் அவற்றில் உறுப்பினர்.

ஆனால் கூட்டுறவும் வெகுகாலம் லிட்டர் கணக்கில்தான் பணம் கொடுத்தது. எடைக்கும் இனிப்புக்கும் காசு என்றால் யார் குன்றில் ஏறுவார்? 1960களில் வட்டாரத்தில் 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல் திராட்சை நின்றது. வடக்கே ஒயின் குடிப்பது குறையத் தொடங்கிவிட்டது. இத்தாலியிலிருந்து மலிவுச் சரக்கும் வந்தது. 1976 மார்ச் 4ஆம் தேதி நார்போன் பக்கத்து மோன்ரெடோனில் விவசாயிகளுக்கும் போலீசுக்கும் சண்டை மூண்டு, ஒரு விவசாயியும் ஒரு போலீஸ் அதிகாரியும் சுடப்பட்டு இறந்தார்கள்.

அதன் பிறகே திருப்பம். சமவெளி ஆரமோன் பிடுங்கப்பட்டது. குன்றுகளுக்குச் செடி திரும்ப ஏறியது. ஃபோஷேருக்கும் சென் ஷினியானுக்கும் 1982இலும், கோர்பியேருக்கும் மினர்வுவாவுக்கும் 1985இலும் ஊர்ப்பெயர் உரிமை வந்தது. எந்த ரகம், ஏக்கருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்றவர்களுக்கு 1987 முதல் ஓக் நாட்டு ஒயின் என்ற பொதுப்பெயர் கிடைத்தது. சிரா, ஷார்டனே எனத் திராட்சை ரகத்தின் பெயரைப் புட்டியில் எழுதி விற்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நூறு ஊர்ப்பெயர்களை விட ஒரு ரகப்பெயர் எளிது. இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் நடக்கின்றன.

வெயில் கூடிய பிறகு

2019 ஜூன் 28ஆம் தேதி மோன்பெலியேயை அடுத்த வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. பிரான்சில் அதுவரை கண்ட உச்சம். அன்று பல தோட்டங்களில் இலையும் பச்சைக் காயும் தீயில் வாட்டியதுபோல் கருகின. அதற்குச் சற்று முன் கந்தகம் தூவியிருந்த தோட்டங்களில் கருகல் கூடுதலாக இருந்தது. உச்சி வெயிலில் கந்தகம் தூவக்கூடாது என்பது நம் திராட்சை விவசாயிகளுக்கும் தெரிந்த பாடம்தான். 2023இலும் அடுத்த ஆண்டும் ரூசியோனில் மழை பாதியாய்க் குறைந்து, பழைய கொடிகளே காய்ந்தன. ரோன் நீரை மேற்கே கொண்டுவரும் கால்வாயும் குழாயும் எட்டிய இடங்களில் சொட்டுநீர் போடுகிறார்கள். அது எட்டாத ரூசியோன் குன்றுகளில் வானம்தான் கதி.

இன்னொரு பக்கம் வாங்குகிறவர் குறைந்துவிட்டார். 1960 வாக்கில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இப்போது சுமார் நாற்பது. குறிப்பாகச் சிவப்பு ஒயின் தேங்குகிறது. பிக்பூல் போன்ற வெள்ளைக்குக் கேட்பு இருக்கிறது. செடியைப் பிடுங்குவோருக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ அரசு உதவி என்ற திட்டம் 2024இல் வந்தபோது, வாரிசு இல்லாத முதியவர்கள் பலர் கோர்பியேரில் கையெழுத்துப் போட்டார்கள். பிடுங்கிய நிலம் சும்மா கிடந்து புல்லும் புதரும் மண்டியது.

2025 ஆகஸ்டு 5ஆம் தேதி கோர்பியேரில் ரிபோத் ஊரருகே தீ பிடித்தது. காற்றில் ஓடி, சில நாட்களில் சுமார் 16,000 ஹெக்டேரைத் தின்றது. ஒருவர் இறந்தார், வீடுகள் போயின. களையெடுத்து உழுத திராட்சைத் தோட்டம் நின்ற இடங்களில் தீ தயங்கியது. பிடுங்கிப் போட்டிருந்த இடங்களின் வழியே ஓடியது. அதைக் கண்ணால் பார்த்த விவசாயிகள், ஒயின் விற்காவிட்டாலும் தோட்டத்துக்கு ஒரு காவல் கூலி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். தீ தொடாமல் தப்பிய குலைகளிலும் புகை மணம் ஏறியிருக்குமோ என்று அந்த ஆண்டு அறுவடைக்கு முன் சாற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சிலர் ஒதுங்கிய துண்டு நிலங்களில் ஒலிவ மரமும் பிஸ்தாவும் மாதுளையும் நட்டுப் பார்க்கிறார்கள். வேறு சிலர் 2018இல் அனுமதி பெற்ற ஆர்த்தபான், விதோக், ஃப்ளோரெயால், வோல்திஸ் என்ற புதிய ஒயின் ரகங்களை நடுகிறார்கள். சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் அவற்றை எளிதில் தொடாது, மருந்தடிப்பு மிகக் குறைவு. பான்யுல்ஸ் சரிவில் ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது ஒருவர் சரிந்த கல்லை எடுத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறார். இலையுதிர் காலத்து மழை வருவதற்குள் சேவல் கால் வாய்க்காலில் அடைந்த மண்ணை வாரி, மேல் படிக்குச் சுமந்து போட வேண்டும்.